எழுதாத பரீட்சைக்கு ஏ ஒன்

அந்த ஃபார்முலாவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகப் பேசினால் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிடும். பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் தாங்கியிருக்க மாட்டேன். திரையின் மேல்பக்கத்தில் மூன்று வரிக்கு நீண்டு, கீழே இருக்கும் தலைப்பையும் முதல் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் மறைத்துக்கொண்டு நிற்கும். ஸ்டாஃப் ரூமிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்து, "அம்மாடியோவ், இதெல்லாம் நீங்களே அடிச்சதா மிஸ்?" என்று கேட்பார்கள். நானும் பெரிதாக அலட்டிக்கொள்ளாதவள் போல, "ஆமா, ஏதோ நம்மால முடிஞ்சது" என்பேன். உள்ளுக்குள் குஷியோ குஷி.

இது நடந்தது இரண்டாயிரத்துகளின் நடுவில். சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் மிஸ். வீடு கூடுவாஞ்சேரியில். காலையில் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து கிழக்குப் பக்கம் இறங்கி, பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ எது முதலில் வருகிறதோ அதில் தொற்றிக்கொள்வேன். லேபில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். அதில் எட்டு வேலை செய்யும், ஒன்பதாவது மனசு வைத்தால் செய்யும்.

எங்கள் கரஸ்பாண்டன்ட் சார், அதாவது பள்ளியை நடத்துகிறவர், அந்த வருஷம் எங்கோ ஒரு பள்ளி விழாவுக்குப் போய்விட்டு ஒரு யோசனையோடு திரும்பினார். இனிமேல் ப்ராக்ரஸ் கார்டில் மார்க்கும் கிடையாது, ரேங்க்கும் கிடையாது, கிரேடு மட்டும்தான். அதுவும் கையால் எழுதக் கூடாது, கம்ப்யூட்டரிலிருந்து வர வேண்டும். "நம்ம ஸ்கூல்ல கம்ப்யூட்டர் இருக்குன்னு பேரன்ட்ஸுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க?" என்று என்னைக் கேட்டார். ஒன்பது கிரேடுகளை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். தொண்ணூற்றொன்றிலிருந்து ஏ ஒன், எண்பத்தொன்றிலிருந்து ஏ டூ, எழுபத்தொன்றிலிருந்து பி ஒன் என்று படிப்படியாக இறங்கி, கடைசிப் படி ஈ டூ. நான் அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து ஃபார்முலாவை அடித்துவிட்டு, தாளை மேஜை டிராயருக்குள் போட்டேன். ஃபார்முலாவில் எல்லாம் இருக்கிறதே, அப்புறம் தாள் எதற்கு?

எக்செல்லில் ஃபார்முலா என்றால் ஒன்றும் பெரிய மாயமில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான். இஃப், மார்க் தொண்ணூற்றொன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஏ ஒன். இல்லையா, எண்பத்தொன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஏ டூ. அதுவும் இல்லையா, எழுபத்தொன்று. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக எட்டு இஃப். ஒவ்வொரு இஃப்புக்குள்ளும் அந்த மார்க் எந்த ஷீட்டில், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற முழு விலாசம் வேறு. அதே விலாசத்தை எட்டுத் தடவை அடித்து, கடைசியில் எட்டு அடைப்புக்குறிகளை மூட வேண்டும். ஐந்து பாடத்துக்கு ஐந்து ஷீட். ஒரு பாடத்துக்கு அடித்ததைக் காப்பி எடுத்து விலாசத்தை மட்டும் மாற்றியிருக்கலாம். எனக்கிருந்த வேகத்தில் ஐந்தையும் தனித்தனியாக அடித்தேன். நாற்பது இஃப்! அதைக் கீழே இழுத்துவிட்டால் வகுப்பு முழுக்க கிரேடு வந்து நிற்கும். அதையே எல்லா வகுப்புக்கும் எடுத்துப் போட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு வராத பிள்ளைக்குப் பூஜ்யம் போடக் கூடாது என்பது எங்கள் பள்ளியில் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற சட்டம். "எழுதியும் ஒண்ணும் வராத புள்ளைக்குத்தான் சைபர். வராத புள்ளைய சைபர்னு சொல்ல நாம யாரு?" என்பார் கரஸ்பாண்டன்ட் சார். அதனால் ஆப்சென்ட் ஆன பிள்ளைக்கு மார்க் போட வேண்டிய இடத்தில் டீச்சர்கள் சிவப்பு மையில் ஏபி என்று இரண்டு எழுத்துப் போடுவார்கள். நானும் சட்டத்தை மீறாமல் மார்க் கட்டத்தில் ஏபி என்று அடித்து, அதற்குச் சிவப்பு நிறமும் கொடுத்தேன். எவ்வளவு பொறுப்பு பாருங்கள்.

ஒரே ஒரு ஆள்தான் என் ஃபார்முலாவை மெச்சவில்லை. கணக்கு மிஸ். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பெருங்களத்தூரிலிருந்து வருவார். சுடிதார் துப்பட்டாவின் ஒரு முனையில் எப்போதும் சாக்பீஸ் தூள் இருக்கும். பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். எனக்கும் அவருக்கும் மட்டும் ஆகாது. எல்லாப் பிள்ளைகளும் கணக்குக் கணக்கு என்று அவர் பின்னால் ஓடுகிறார்களே, கம்ப்யூட்டர் பீரியடுக்கு விளையாடத்தானே வருகிறார்கள் என்ற எரிச்சல் எனக்கு. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்!

ஒன்பதாம் வகுப்பின் மூன்றாம் பருவத்திலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவது நம் பள்ளிகளின் வழக்கம். அதற்காகப் பொங்கல் கழிந்ததும் ஒன்பதாம் வகுப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில், முன்பெல்லாம் எண்பதைத் தாண்டியவர்கள், இந்த வருஷத்திலிருந்து ஏ டூவுக்குக் குறையாமல் வாங்கியவர்கள், ஏ செக்ஷன். மற்றவர்கள் பி செக்ஷன். கணக்கு மிஸ் எடுப்பது ஏ செக்ஷனுக்கு மட்டும். பி செக்ஷனுக்கு அந்த வருஷம் நிரந்தரமாக ஆளே கிடைக்கவில்லை. யாருக்குப் பீரியட் காலியோ அவர் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அதனால் ஏ செக்ஷன் லிஸ்ட் என்றால் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயமில்லை.

அந்த லிஸ்ட்டையும் நான்தான் கம்ப்யூட்டரில் எடுத்தேன். பார்த்ததும் கணக்கு மிஸ்ஸின் முகம் மாறியது.

"முப்பத்தோரு பேர்தானா? போன வருஷம் நாப்பது பேர் வந்தாங்க. கணக்குல மட்டும் ஏ டூ ரொம்பக் கம்மியா இருக்கே மிஸ். எத்தனை மார்க்கிலேர்ந்து ஏ டூ வச்சிருக்கீங்க?"

"அதெல்லாம் ஃபார்முலாக்குள்ள இருக்கு மிஸ். அதுபாட்டுக்குப் போட்டுக்கும்."

"இல்ல, ஒரு தடவ செக் பண்ணிடுங்களேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "மெஷின் தப்பு பண்ணாது மிஸ். நீங்க கொஞ்சம் தாராளமா மார்க் போட்டீங்கன்னா ஏ டூ தானா வரும்" என்றேன். அவர் லிஸ்ட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வராண்டாவில் எதிரெதிரே வந்தால் இருவரும் சுவரில் இருக்கும் இந்திய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போவோம்.

கார்டுகளைப் பொங்கல் லீவுக்கு முன்னால் கொடுத்தாயிற்று. லீவு முடிந்து வந்த சனிக்கிழமை பள்ளி அரை நாள். ஏ செக்ஷன் லிஸ்ட்டைத் திங்கட்கிழமை காலையில் போர்டில் ஒட்ட வேண்டும். நான் லேபில் உட்கார்ந்து அதற்கு அழகாகக் கட்டம் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். சேலையை இழுத்துச் செருகியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தரையில் கால் படாதது போல் மெதுவாக உள்ளே வந்தார். ஏசி ரூமுக்குள் செருப்போடு வரக் கூடாது என்று நான்தான் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன்.

"கம்ப்யூட்டர் டீச்சரம்மா நீங்கதானா? ஆபீசுல கேட்டா ஒங்களாண்ட போவச் சொன்னாங்கோ."

நான்தான் என்றேன். கவரிலிருந்து கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். சேலையூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாராம். சொந்த ஊர் கோவளம் பக்கம் ஒரு குப்பம். மகளின் படிப்புக்காக இங்கே வந்து வாடகைக்கு இருக்கிறார்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு. முகத்தை நினைவுபடுத்திக்கொண்டேன். பேசவே பேசாத, கீபோர்டைத் தொடுவதற்கு முன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிற பெண்.

"இதுல எத்தினி ஏ ஒன்னு கீது? பாத்து சொல்லுங்கோ."

பார்த்தேன். தமிழ் ஏ ஒன், ஆங்கிலம் ஏ ஒன், அறிவியல் ஏ ஒன், சமூக அறிவியல் ஏ ஒன். கணக்கு பி ஒன்.

"நாலு ஏ ஒன் வாங்கியிருக்காளேம்மா! ரொம்ப நல்லாப் படிக்கிறா. சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

"சந்தோசமாவா?" அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எம்பொண்ணு மொத நாளு கணக்குப் பரீட்ச எழுதிட்டு வூட்டுக்கு வந்துச்சு. சாயங்காலம் ஒடம்பு அனலா கொதிச்சுது. மறுநாளு பாத்தா ஒடம்பெல்லாம் அம்மை. மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் வேப்பிலையில படுத்துகினு இருந்துச்சு. மீதி நாலு பரீட்சைக்கு இந்தப் பக்கமே வர்ல. லெட்டர் குடுத்துகீறேன். நாலு ஏ ஒன்னும் யாருக்குக் குடுத்தீங்கோ, வேப்பிலைக்கா?"

கார்டை என் பக்கம் இழுத்து மறுபடி பார்த்தேன்.

"எழுதாத நாலுக்கும் ஏ ஒன்னு. எழுதின ஒன்னுக்கு பி ஒன்னு. அப்ப அத்தயும் எழுதாம வுட்டிருந்தா அஞ்சும் ஏ ஒன்னு வந்திருக்குமா? எனக்கு வெளங்கற மாரி சொல்லுங்கோ டீச்சரம்மா."

"அது... சிஸ்டத்துல ஏதோ சின்னப் பிரச்சினைம்மா. அந்த நாலையும் மாத்தி ஏபின்னு போட்டுடறேன்."

"மாத்துங்கோ. நா அதுக்கோசரம் வர்ல. கணக்கு மிஸ்ஸாண்டதான் படிப்பேன்னு அது ஒத்தக்கால்ல நிக்குது. லிஸ்ட்டுல அது பேரு இல்லன்னு யாரோ புள்ளைங்க சொல்லிட்சுங்க. ரெண்டு நாளா சோறு எறங்கல. கணக்கு நல்லா எழுதிகீறேம்மா, எம்பதுக்கு மேல வரும்மான்னு சொல்லி அழுவுது."

"கணக்கு மார்க் கரெக்டாத்தாம்மா இருக்கும். அது பரீட்சை எழுதினதுதானே..."

"த்தோ பாருங்கோ" என்று அவர் ஒரு கையை மேஜையில் ஊன்றினார். "என் தராசு ஒரு ஆளுக்கு அரைக் கிலோ கூட நிறுத்துச்சுன்னு வையிங்கோ. அன்னிக்கு அதுல மீனு வாங்கின அத்தினி பேரும் என்னாண்ட வந்து சண்ட புடிப்பாங்கோ. நியாயந்தானே? நாலத் தப்பா சொன்ன மெசினு அஞ்சாவது மட்டும் கரீட்டா சொல்லிச்சுன்னு நா எப்பிடி நம்பறது? பாக்காம சொல்லாதீங்கோ. பாத்துட்டு சொல்லுங்கோ. மீன் கூடைய பக்கத்துக் கடைக்காரியாண்ட வுட்டுட்டு வந்துகீறேன். திங்கக்கெழம வரேன்."

போய்விட்டார். வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. எனக்குக் காது இரண்டும் சூடாக இருந்தன.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். மீன் விற்கிறவருக்கு என் ஃபார்முலாவைப் பற்றி என்ன தெரியும் என்றுகூட ஒரு விநாடி நினைத்தேன். மறைக்கவில்லை. அப்புறம் ஒன்பதாம் வகுப்பு ஷீட்டைத் திறந்து அந்தப் பெண்ணின் வரிசையைப் பார்த்தேன். நாலு இடத்தில் சிவப்பாக ஏபி. பக்கத்திலேயே நாலு ஏ ஒன். என்ன நடந்தது என்று புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். எக்செல்லுக்கு எழுத்து என்றால் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஏபி என்பது தொண்ணூற்றொன்றோ அதற்கு மேலோ என்று என் முதல் இஃப் கேட்கும். ஆமாம், மேல்தான் என்று அது சொல்லும். அவ்வளவுதான், ஏ ஒன். மற்ற ஏழு இஃப்புக்கு வேலையே இல்லை. பூஜ்யம் போட்டிருந்தால் ஒழுங்காக ஈ டூ வந்திருக்கும். பிள்ளையின் மனசு நோகக் கூடாது என்று நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த மரியாதை அதைத் தூக்கிக்கொண்டுபோய் முதலிடத்தில் உட்கார வைத்துவிட்டது.

பள்ளி முழுக்கத் தேடினேன். இப்படி இன்னும் ஆறு பேர். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மொட்டை போடக் குடும்பத்தோடு திருப்பதி போயிருந்தான். அறிவியலில் ஏ ஒன். அந்த வீட்டிலிருந்து மூச்சு விடவில்லை. பெருமாள் கொடுத்தது என்று வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

சரி, இதை ஒட்டுப் போட்டுவிடலாம் என்று ஃபார்முலாவின் முன்னால் இன்னொரு இஃப் சேர்த்தேன். ஏபி என்றால் ஏபி என்றே போடு, இல்லையென்றால் பழையபடி கேள். என்டரைத் தட்டினால் தப்பு என்றது. அடைப்புக்குறியை எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி தப்பு. அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு உறைத்தது. அந்தக் கால எக்செல்லில் ஒன்றுக்குள் ஒன்றாக இத்தனை இஃப்தான் என்று ஒரு கணக்கு உண்டு. என்னுடையது ஏற்கெனவே வாய்வரை நிரம்பியிருந்தது. இனி ஒன்றைக்கூட உள்ளே திணிக்க முடியாது.

மூன்று வரி ஃபார்முலா. ஊரே வந்து பார்த்த ஃபார்முலா. ஏபி என்ற இரண்டெழுத்தைச் சமாளிக்க அதற்கு வக்கில்லை.

அப்போதும் அந்த அம்மா சொன்ன தராசு மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கணக்கு? அதைப் பார்க்க வேண்டுமானால் மார்க் சரியாக ஏறியிருக்கிறதா என்று பரீட்சைத் தாளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பரீட்சைத் தாள் கணக்கு மிஸ்ஸிடம். அவரோடு பேசிப் பத்து நாள் ஆகிறது. சட்டென்று எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை. நாற்காலியைத் துடைத்தேன். கீபோர்டைத் துடைத்தேன். கடைசியில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு நடந்தேன்.

அவர் கிளம்பத் தயாராகப் பையை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுவரில் வரைபடத்தைத் தேடினார். ஸ்டாஃப் ரூமில் வரைபடம் இல்லை.

"மிஸ், ஒரு பேப்பர் பார்க்கணும்" என்றேன். பெண்ணின் பெயரைச் சொன்னேன்.

பீரோவைத் திறந்து கட்டிலிருந்து உருவினார். அம்மையால் அந்தப் பெண் வகுப்புக்கு வராததால் தாள் அங்கேயே கிடந்தது. முதல் பக்கத்தில் வட்டத்துக்குள் எண்பத்திரண்டு.

"எண்பத்திரண்டா?" என்றேன். என் ஷீட்டிலும் எண்பத்திரண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன், மார்க்தான் தப்பாக ஏறியிருக்கும், மெஷின் போட்ட கிரேடு சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பில். ஆனால் கார்டில் பி ஒன். எண்பத்தொன்றிலிருந்து ஏ டூ ஆயிற்றே!

"என்ன மிஸ், முகம் வெளிறிப் போச்சு?" என்றார் அவர்.

எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பிலை உட்பட. வேப்பிலை இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே அடக்கிக்கொண்டு, பையைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு லேபுக்கு வந்தார். நான் ஒவ்வொரு பாடத்தின் ஃபார்முலாவையும் திறக்க, அவர் விரலை வைத்து எண்களை மட்டும் சத்தமாகப் படித்தார். தமிழ். தொண்ணூற்றொன்று, எண்பத்தொன்று, எழுபத்தொன்று. ஆங்கிலம். தொண்ணூற்றொன்று, எண்பத்தொன்று, எழுபத்தொன்று. கணக்கு. தொண்ணூற்றொன்று, எண்பத்து நாலு.

விரல் அங்கேயே நின்றது.

கீபோர்டின் வலது ஓரத்து நம்பர் கட்டைகளில் ஒன்றுக்கு நேர் மேலே நாலு. நாற்பது இஃப் அடித்த கை, ஒரு இடத்தில் ஒரு விரல் மேலே ஏறியிருக்கிறது. அதையே எல்லா வகுப்புக்கும் இழுத்துவிட்டிருக்கிறேன். எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று வாங்கிய பிள்ளைகள் அத்தனை பேரும் கணக்கில் ஒரு படி இறங்கிவிட்டார்கள். மூன்று வரிக்குள் இந்த ஒரு நாலு எப்படிக் கண்ணில் படும்? எனக்கே படவில்லையே!

"தாராளமா மார்க் போடுங்கன்னு சொன்னீங்களே மிஸ்" என்றார் மெதுவாக.

நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். "தப்பு என் மேலதான் மிஸ். அன்னிக்கு நீங்க கேட்டப்பவே பார்த்திருக்கணும். திமிரு, வேற என்ன" என்றேன். சொன்ன பிறகு நெஞ்சு லேசாகிவிட்டது. அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். சாக்பீஸ் தூள் என் சேலையில் ஒட்டிக்கொண்டது.

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. ஒரே கேள்விய ஏன் நாப்பது தடவ கேக்கற நீ?" நீங்க, நீ ஆகிவிட்டதை அவர் கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன். "லாகரிதம் நாம போட்டா பாக்கறோம்? டேபிள் புக்கைத் திறந்து, இந்த நம்பருக்கு நேரா என்ன இருக்குன்னு பாத்துக்கறோம். அந்த மாதிரி ஒரு டேபிளைப் போட்டு வச்சு, போய் பாத்துக்கோன்னு உன் மெஷின்கிட்ட சொல்லக் கூடாதா?"

சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம். அதற்கென்றே வீலுக்கப் என்று ஒன்று இருக்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் டிப்ளமா படித்தபோது அதில் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். ஆனால் வீலுக்கப் போட்டால் ஃபார்முலா அரை வரியில் முடிந்துவிடும். அரை வரி ஃபார்முலாவை யார் வந்து எட்டிப் பார்ப்பார்கள்? இதை மட்டும் கணக்கு மிஸ்ஸிடம் அன்று சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

டிராயரிலிருந்து கரஸ்பாண்டன்ட் சாரின் தாளை எடுத்தோம். ஒரு புது ஷீட்டில் கணக்கு மிஸ் வாசிக்க நான் அடித்தேன். இடது பக்கம் மார்க், வலது பக்கம் கிரேடு, ஒன்பது வரி. ஃபார்முலாவைப் போட்டு இழுத்துவிட்டேன். பார்த்தால், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஈ டூ. மற்றவர்களுக்கு என்.ஏ. என்று ஏதோ இங்கிலீஷ் முனகல்.

"அய்யய்யோ, நம்ம ஃபர்ஸ்ட் மார்க் பொண்ணுக்கு ஈ டூ!" என்று கணக்கு மிஸ் கத்திவிட்டார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்புறம் எனக்கு ஞாபகம் வந்தது. இந்த டேபிளை மேலிருந்து கீழே எழுதக் கூடாது. பூஜ்யத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போக வேண்டும்.

"அப்ப உன் மெஷினு கடைசி பெஞ்சிலேர்ந்துதான் அட்டெண்டன்ஸ் எடுக்கும்னு சொல்லு" என்றார். திருப்பிப் போட்டேன். கட்டம் கட்டமாகச் சரியான கிரேடுகள் வந்து உட்கார்ந்தன. ஏபி இருந்த இடத்தில் மட்டும் என்.ஏ. எனக்குத் தெரியாது என்கிறது, அவ்வளவுதான். தெரியாததற்கு ஏ ஒன் கொடுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு இஃப் வைத்து, ஏபி என்றால் ஏபி என்றே போடச் சொன்னேன். மறுப்பே சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. உள்ளேதான் இப்போது அவ்வளவு இடம் இருக்கிறதே!

முழு ஃபார்முலாவும் ஒரே வரி. இனி ஏ டூவை எண்பதாக்க வேண்டுமென்றால் டேபிளில் ஒரு இடத்தில் மாற்றினால் போதும். ஐந்து பாடமும் தானாக மாறும்.

ஏ செக்ஷன் லிஸ்ட் நாற்பதாக நின்றது. புதிதாக வந்த ஒன்பது பேரில் மேலிருந்து நாலாவது பெயர் அந்தப் பெண்ணுடையது. கணக்கு மிஸ் அதற்குள் இரண்டு பஸ்ஸை விட்டிருந்தார். என் டிபன் பாக்ஸில் இருந்த எலுமிச்சை சாதத்தை மூடியில் பாதி போட்டுக் கொடுத்தேன். "உப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டே மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை ப்ரேயருக்கு முன்னால் கரஸ்பாண்டன்ட் சாரின் அறைக்குப் போனோம். நான் மட்டும் போகிறேன் என்றுதான் சொன்னேன். கணக்கு மிஸ்தான் விடவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?"

"அது பண்ணல சார். நான்தான் பண்ணினேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு, "எல்லா கார்டையும் திரும்ப வாங்கிட்டு வேற அடிச்சுக் கொடுத்துடுங்க. நான் பேரன்ட்ஸுக்கு சர்க்குலர் அனுப்பறேன்" என்றார். கிளம்பும்போது கூப்பிட்டு, "நான் எழுதிக் கொடுத்த தாள் எங்க?" என்று கேட்டார்.

"டிராயர்ல இருந்துச்சு சார்."

"அது டிராயர்ல இருக்க எழுதினதில்லம்மா."

கணக்கு மிஸ் உடனே, "போர்டில லிஸ்ட் பக்கத்துலயே ஒட்டிடறோம் சார்" என்று என்னைக் காப்பாற்றினார். ஒன்பது வரியையும் பெரிய எழுத்தில், இந்த முறை மனிதர்கள் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழாக, தமிழில் அடித்து ஒட்டினேன். எத்தனையிலிருந்து எத்தனை வரை, என்ன கிரேடு. அவ்வளவுதான்.

பதினொரு மணி இன்டர்வெலில் அந்த அம்மா மகளோடு வந்தார். பெண்ணின் நெற்றியில் இரண்டு அம்மைத் தழும்புகள் இன்னும் மறையாமல் இருந்தன. நான் புதுக் கார்டைக் கொடுத்தேன். நாலு இடத்தில் சிவப்பாக ஏபி. நடுவில் கணக்குக்கு நேராக ஒரே ஒரு ஏ டூ. நாலு ஏ ஒன் போய்விட்டதே என்று வருத்தப்படுவாரோ என்று ஒரு நினைப்பு எனக்கு. அவர் கார்டைத் தூரத்தில் வைத்து ஒரு தடவை, கிட்டத்தில் வைத்து ஒரு தடவை பார்த்தார்.

"இப்பத்தான் இது எம்பொண்ணு கார்டு" என்றார். அப்புறம் என்னை நம்பாமல், "கணக்குல எத்தினி மார்க்கு?" என்று கேட்டார்.

"எண்பத்திரண்டும்மா."

நேராக போர்டுக்குப் போனார். ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்து மேலிருந்து இறங்கி வந்தார். தொண்ணூற்றொன்றில் நின்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்கு வந்தார். எண்பத்தொன்று முதல் தொண்ணூறு வரை. உதடு அசைந்தது. விரல் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து ஏ டூவில் போய் நின்றது. கையிலிருந்த கார்டைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார்.

திரும்பி என்னைப் பார்த்தார். "இவ்ளோதானா?"

"இவ்வளவுதாம்மா."

"இத்த மொதல்லியே ஒட்டியிருந்தா, நா ரெண்டு வாட்டி மீன வுட்டுட்டு ஓடியாந்திருப்பேனா டீச்சரம்மா?"

பக்கத்தில் கணக்கு மிஸ் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று பேரையும் விட்டுவிட்டு அந்தப் பெண் எப்போது நகர்ந்தாள் என்று தெரியவில்லை. இன்டர்வெல் முடிகிற மணி அடிப்பதற்கு முன்பே ஏ செக்ஷனுக்குள் போய், முதல் பெஞ்சில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.